சாமியை டிரைவர் ஆக்குன மச்சான்

இன்னிக்கும் அந்த நாள நெனச்சா காது சூடாவுது. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் கோவப்படக் கூடாது, கெட்ட வார்த்த பேசக் கூடாது. அது மட்டும் இல்லேன்னா நான் போட்ட சத்தம் ஊருக் கோடில இருக்குற பாபகூரா வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்புடு போட்டவன். என் பொண்டாட்டி நர்சு. அவ விசாவோட வாலப் புடிச்சிக்கிட்டு ஆக்லாந்துல வந்து எறங்குனேன். ஏர்போர்ட் பக்கத்துல ஒரு குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன். அவ அண்ணன், அதாவது என் மச்சான், அதே ஊர்ல த்ரீ கிங்ஸ்ங்கற ஏரியால இருக்காரு. ஐடி. அவங்க குடும்பத்துல எனக்கும் ஃபோர்க்லிஃப்ட் மரியாததான். தூக்குன்னா தூக்கணும், எறக்குன்னா எறக்கணும்.

போன டிசம்பர்ல நான் மாலை போட்டிருந்தேன். ஊர்ல அது பனிக்காலம். இங்க வெயில் காலம், பீச்சு காலம், பாரு காலம். மச்சானோட காலேஜ் கூட்டாளிங்க மூணு பேரு சிட்னில இருந்து வந்து குதிச்சுட்டாங்க. ஒரு நாள் பூரா பீச்சு, பாரு, மறுபடி பீச்சு, மறுபடி பாருன்னு பிளான். எல்லாரும் குடிச்சா வண்டிய யாரு ஓட்றது? எனக்கு ஃபோன் வந்துச்சு.

"சாமி, நீங்கதான் குடிக்க மாட்டீங்களே. டிரைவரும் நீங்கதான், கைடும் நீங்கதான்."

மத்த நாள்ல "டேய் மாப்ள"ன்னு கூப்புடுற வாயி. மாலை போட்டா எல்லாரும் எல்லாரையும் சாமின்னுதான் கூப்புடணும். அன்னிக்கு அந்த வாயில சக்கர வழிஞ்சுது.

"சாயங்காலம் எங்க வீட்ல பூஜ இருக்கு சாமி."

"நாலு மணிக்கெல்லாம் திரும்பிரலாம் சாமி. சத்தியம்."

சும்மா பூஜ இல்ல அது. என் பொண்ணு பாடப் போவுது. "சாப்டியாம்மா"ன்னு கேட்டாக்கூட இங்கிலீஷ்ல பதில் சொல்ற புள்ள. அது ஒரு ஐயப்பன் பாட்ட மாசக்கணக்குல பாத்ரூம்ல பாடிப் பாடிக் கத்துக்கிச்சு. ஆனா கூட்டம்னா பயம். "அப்பா, நீ முன்னாடி உக்காந்தாத்தான் பாடுவேன்"னு சொல்லிருச்சு. அதுவும் தமிழ்ல!

மொதல்ல பீஹா பீச்சு. கைடுன்னு சொல்லிட்டாங்களேன்னு நானும் கைய நீட்டி, "இது கடலு சாமி"ன்னேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. மாலை போட்டவனுக்குச் செருப்பு கெடையாது. அங்க மணலோ கன்னங்கரேல்னு கெடக்கு, வெயில்ல தோசக்கல்லு மாதிரி. நான் குதிச்ச குதியப் பாத்து ஒரு கூட்டாளி, "சாமி, டான்ஸு சூப்பரு!"ன்னு வீடியோ எடுத்தான். இந்த ஊர்ல வெள்ளக்காரனே சூப்பர்மார்க்கெட்டுக்கு வெறுங்காலோட வருவான். அதனால என் விரதத்த மதிக்கவும் ஆளு இல்ல.

அப்புறம் ஒரு பாரு. அப்புறம் இன்னொண்ணு. அவங்க உள்ள கோழி ரெக்கயக் கடிக்க, நான் வண்டில உக்காந்து வாழப்பழம் தின்னேன். குரங்குக்குக்கூட மரத்துல காத்து வரும். எனக்கு அதுவும் இல்ல.

மிஷன் பே போய்ச் சேரும்போதே அஞ்சு தாண்டிருச்சு. அங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் பீச்சு, அந்தப் பக்கம் வரிசையா பாரு. குடிகாரனுக்குன்னே கட்டுன ஊரு. ஒரு பாரு முடிச்சிட்டு வந்தானுங்க. ஷூவெல்லாம் கழட்டி வண்டில வீசிட்டு மணல்ல போய் மல்லாந்துட்டானுங்க.

"கெளம்பலாம் சாமி. ஏழு மணிக்குப் பூஜ."

மச்சான் வானத்தக் காட்டுனாரு. "இன்னும் இருட்டவே இல்ல, என்ன அவசரம்?"

டிசம்பர்ல இங்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் சூரியன் வீட்டுக்குப் போகாது. அத நம்பிக் குடிச்சா விடிய விடியக் குடிக்கலாம்.

"பாப்பா பாடுது சாமி. நான் முன்னாடி உக்காரணும்."

"அத வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. நீங்க உக்காந்து என்ன ராகமா கண்டுபுடிக்கப் போறீங்க?"

கூட்டாளிங்க சிரிச்சானுங்க. எனக்கு ராகம் தெரியாதுதான். ஏழு சொரம் இருக்குன்னே டிவி பாத்துத்தான் தெரியும். ஆனா என் புள்ளைக்குப் பயம்னு தெரியும். தொண்ட வரைக்கும் வந்த வார்த்தய முழுங்கிட்டு, "அப்ப நல்லா இருங்க சாமி"ன்னேன். வண்டில ஏறி கெளப்பிட்டேன். அது மச்சான் வண்டி. கூட நாலு ஜோடி ஷூ.

பாபடோயிட்டோய்ல இருக்குற எங்க வீட்டுக்கு வந்து குளிச்சு வேட்டி மாத்தி உக்காரவும் பாப்பா வாயத் தொறக்கவும் சரியா இருந்துச்சு. வெரல்ல பாவாட நுனியச் சுத்திக்கிட்டு, என்ன மட்டும் பாத்துப் பாடுச்சு.

பாதிப் பாட்டுல வாசல்ல சத்தம். "சாமி! ஷூ எங்க சாமி? பார்ல உள்ள விட மாட்டேங்குறான்!" மச்சான் டாக்ஸி புடிச்சு வெறுங்காலோட வந்து நிக்கிறாரு.

என் பொண்டாட்டிதான் எந்திரிச்சுப் போனா. "அண்ணே, குடிச்சிட்டு உள்ள வராத. அங்கயே நில்லு."

"காலு சுடுதும்மா!"

பாப்பா கொரலு நடுங்குச்சு, கண்ணு வாசலுக்குப் போச்சு. நான் தாளம் தட்டுனேன், தப்பாத்தான் தட்டியிருப்பேன். கண்ணு என்கிட்டத் திரும்பி வந்துருச்சு. கடைசி வரி முடியற வரைக்கும் நான் எந்திரிக்கல. வெளிய சிமெண்டுத் தரையில மச்சான் காலு மாத்திக் காலு மாத்தி ஆடிக்கிட்டு இருந்தாரு. வீடியோதான் யாரும் எடுக்கல.

மாலைய எறக்குன அன்னிக்கு மொத வேலயா மச்சானுக்கு ஃபோன் போட்டேன். அத்தன நாளா முழுங்கி வெச்சிருந்த வார்த்தயெல்லாம் ஒண்ணு விடாம கொட்டுனேன். ஒரு எடத்துலகூட சாமின்னு சேக்கல.