ஹாலில் பாய் விரித்த நாட்கள்

நடந்தவை, வரிசையாக:

1. திருமணமாகி மூன்று ஆண்டுகள். குழந்தை இல்லை.
2. மாதத்தில் நாலைந்து நாள் எனக்கு வெள்ளைப்படும். அந்த நாட்களில் இடுப்பு வலி என்று கணவரிடம் பொய் சொல்லிவிட்டு, ஹாலில் தனியாகப் பாய் விரித்துப் படுப்பேன்.
3. என் வற்புறுத்தலால் கணவர் இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்துகொண்டார். இரண்டிலும் குறையில்லை.
4. ஒரு புதன்கிழமை, திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மா என்னிடம் சில கேள்விகள் கேட்டார்.
5. அந்த ஞாயிறு ஆர்.கே.பேட்டையில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் அம்மா சொன்னது, எலும்பு உருகித்தான் அப்படி வெள்ளையாக வருகிறது என்று. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். வெளியே சொல்லாதே என்றார். அதற்குப் பிறகு நான் வேதியியலில் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். அடியில் துளை உள்ள கிண்ணத்தில் பெயின்டை ஊற்றி, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்ப்பது என் வேலை. சோதிக்காமல் ஒரு டிரம்மைக்கூட ஒதுக்கியதில்லை. எலும்பு உருகுவதை மட்டும் சோதிக்காமலே நம்பினேன்.

டாக்டரம்மா கேட்டார்: "அரிப்பு இருக்கா? கெட்ட வாடை? நிறம் மாறுதா?"

"இல்ல மேடம்."

"பச்சை முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி, வழவழன்னு, விரல்ல எடுத்தா நூலா இழுபடுதா?"

"ஆமா. ரெண்டு தீட்டுக்கும் நடுவுல."

"அது நோய் இல்லம்மா. கருமுட்டை வரப்போற நேரம்னு உடம்பு காட்டற அடையாளம். விந்து உள்ள நீந்திப் போறதுக்கு அதுதான் வழி. கரு நிக்க வாய்ப்பு அதிகமா இருக்கறது அப்பதான். அந்த நாள்ல சேர்றீங்க இல்ல?"

"ம்" என்றேன். அங்கேயும் பொய். திரும்பும் பேருந்தில் எண்ணிப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் நான் பாய் விரித்ததெல்லாம் சரியாக அந்த நாட்களில்தான்.

இது தெரிந்த பிறகுதான் காதுகுத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்த கணவரிடம் நாத்தனார் வந்து நின்றார்.

"இன்னாடா, மூணு வருசமாச்சு. உன் பொண்டாட்டிய நல்ல டாக்டராண்ட இட்டுக்கினு போறதுதானே?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா. கோளாறு என்னாண்டதான். மருந்து துன்னுக்கினுதான் கீறேன்."

"கம்பெனியிலயே ஓவர்டைம் பாத்தா ஊட்ல எங்க வேல நடக்கும்?" என்றார் பக்கத்து இலைக்காரர். பந்தியே சிரித்தது. கணவரும் சிரித்தார். நான் அப்பளத் தட்டோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். அடுத்த இலைக்கு ஒரு அப்பளம் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மூன்று நாள் கழித்து, வாயால் சொல்ல முடியாமல், இடுப்பு வலி பொய் என்பதையும் டாக்டரம்மா சொன்னதையும் ஒரு தாளில் நான்கு வரியாக எழுதி அவரிடம் கொடுத்தேன். இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது, பெயின்ட் ரிப்போர்ட்டா?" என்று சிரித்தவர், நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார்.

"அப்ப என்னை எதுக்கு ரெண்டு தபா டப்பாவ குடுத்து அந்த பாத்ரூமுக்கு அனுப்புன?"

"வெள்ளப்படறது அழுக்குன்னு நெனச்சேங்க."

"எங்கிட்ட சொல்றதுக்குமா அழுக்கு?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு இது நான்காவது மாதம். தினமும் கவனித்து, காலண்டரில் குறிக்கிறேன். பாய் பரணில் இருக்கிறது. கரு இன்னும் நிற்கவில்லை. நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம், "மருந்த ஒழுங்கா துன்றானா?" என்று கேட்கிறார். "சாப்டறாரு அண்ணி" என்கிறேன். நாத்தனாரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.