அண்ணிக்கு ஒரு வாத்து

மாடிவீட்டுப் பெண்மணி டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, வயிறு திறந்து கிடக்கும் பொம்மை வாத்தின் பச்சை சர்க்யூட் பலகைமேல் மெல்ல ஓட்டுகிறார். ஈயப் புள்ளிகளை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்கிறார். சும்மா 'குவாக்' என்று கத்திக்கொண்டிருந்த வாத்து திடீரென்று அடித்தொண்டையில் முனகுகிறது. "இங்கதான் இருக்கு!" என்று அந்த இடத்தில் மார்க்கரால் பொட்டு வைக்கிறார்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது இவர் வேலை. எவ்வளவு குண்டுக் கையானாலும் நரம்பை விரல் நுனியாலேயே பிடித்துவிடுவார். பொம்மையைத் திறந்து அதன் குரல் மாறும் இடத்தைப் பிடிப்பதிலும் அதே தேடல்தான். "ரெண்டு புள்ளிய விரலால சேத்தா கரண்ட் நம்ம வழியா போகுது. அப்புறம் நாமளும் பொம்மைக்குள்ள ஒரு பார்ட்டு" என்பார். பேட்டரியில் ஓடுவதை மட்டுமே திறப்பார். பிளக்கில் மாட்டுகிற எதையும் திறக்கமாட்டார்.

நான் கீழ்வீட்டுக்காரன். இவர் திறந்து வைத்திருந்த பேசும் கரடி பொம்மை ஒருநாள் பேய் போல் ஊளையிட்டபோது, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாடியேறிப் போனேன். சண்டைக்குப் போனவன் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு அடிக்கடி போகிறேன்.

உண்மையில் அந்த வீட்டின் பெரிய சத்தம், இவர் 'அண்ணி' என்று கூப்பிடும் மூத்த நாத்தனார்தான். உப்பு கூடினால் ஒரு ராகம், துணி காயாவிட்டால் இன்னொரு ராகம் என்று கட்டடத்தையே எழுப்பிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடதுகை விரல்கள் மட்டும் அசைகின்றன. கூப்பிடுவதற்கு ஒரு பெல் கொடுத்தார்கள். அதைத் தள்ளி உடைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடும் குறைந்துபோனது.

"பெல்லு 'வா'ன்னு மட்டுந்தான் சொல்லும். அண்ணிக்கு 'வந்து தொலை'ன்னு சொல்லணும்" என்றார் இவர்.

அதற்குத்தான் இந்த வாத்து. லேசாகத் தொட்டால் முனகும். அழுத்த அழுத்தக் குரல் ஏறும். தப்பான புள்ளிகளைச் சேர்த்தால் சிப்பு கருகிவிடும். இதே ரகத்தில் இரண்டு வாத்துகள் ஏற்கெனவே ஊமையாகிவிட்டன. கடையில் மிச்சமிருந்த கடைசி வாத்து இது. "இதுவும் போச்சுன்னா..." என்றவர் வாக்கியத்தை முடிக்காமல், பொட்டு வைத்த இடத்தில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கத் தொடங்கினார்.

பற்றவைத்த கம்பிகளின் மறுமுனையில் இரண்டு செம்புத் தகடுகள். அவற்றை நாத்தனாரின் இடதுகை விரல்களுக்கு அடியில் வைத்தார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணி, இன்னிக்கு சமையல்ல உப்பு போடவே மறந்துட்டேன்."

விரல் அசைந்தது. வாத்து முனகியது. நாத்தனாரின் கண்கள் சட்டென்று திரும்பின. இந்தமுறை அழுத்தினார். குரல் ஏறியது, நின்றது, இறங்கி வந்து மறுபடி ஏறியது. ஒரு சொல்கூட இல்லை, ஆனால் எனக்கு மொத்தத் திட்டும் புரிந்தது. அதே பழைய ஏற்ற இறக்கம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மனுஷியின் கோபம் தோல் வழியே இறங்கி, பிளாஸ்டிக் வாத்தின் வாயில் குரலாக வருகிறது!

"ஆமா, நான் அப்படித்தான்! என்ன பண்ணுவீங்க?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டார் இவர். கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வாத்து உச்சத்துக்குப் போனது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்னம்மா இது, காது கிழியுது!" என்று யாரோ கத்தினார்கள்.

இவர் குனிந்து, வாத்தின் வாலடியில் இருந்த வால்யூமை முழுக்கக் கூட்டினார்.