காற்று வரும் இன்னொரு வழி

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெருங்களத்தூரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பைகள், தோளில் தூங்கும் குழந்தைகள், தெற்கே போகும் பேருந்தைக் கண்டதும் ஒன்றாகத் திரும்பும் தலைகள். நான் குறுக்கே நடந்தேன். எனக்குப் போக ஊர் இல்லை. லேத் பட்டறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், இன்னும் பறக்காத ஒரு விமானம் இருந்தது.

இரண்டு பேர் உட்காரும் விமானம். ஞாயிறு ஞாயிறாக நானும் என் நண்பனும் கட்டியது. அவன் பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் வருவான். போன வருடம் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டான். போகும்போது சொன்னான்: "மச்சான், தனியா கெடந்து அல்லாடாத. வாயை மூடினாலும் ஓடுதான்னு பாரு. ஓடலன்னா காலேஜுக்குக் குடுத்துடு, பசங்களாவது பாத்துக் கத்துக்கட்டும்."

வாய் என்றால் விமானத்தின் மூக்கில், முன்விசிறிக்குக் கீழே இருக்கும் ஓட்டை. என்ஜின் அதன் வழியாகத்தான் மூச்சு விடும். உள்ளே ஒரு ஃபில்டர். மழையோ பூச்சியோ அதை அடைத்தால் நடுவானில் மூச்சு முட்டும். ஆகவே ஃபில்டருக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கதவு வேண்டும், என்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றையாவது உள்ளே விட. இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. கதவை யார் திறப்பது என்பதில்தான் இரண்டு வருடம் சண்டை.

கேபிள் என்றேன் நான். மனிதன் கவனித்து இழுக்க வேண்டும். காந்தம் என்றான் அவன். காந்தம் கதவைப் பிடித்திருக்கும். வாய் அடைத்தால் என்ஜினின் இழுப்பே அதைத் திறந்துகொள்ளும்.

"உன் கைய நம்பி நான் ஏற மாட்டேன் மச்சான். நீ மேகத்தப் பாத்து கவித வரி யோசிச்சுகினே இருப்ப, நான் எங்கம்மாகிட்ட போய்ச் சேந்துருவேன்."

"காந்தம் லூஸாச்சுன்னா ரோட்டுத் தூசி பூரா உள்ள போவும்டா."

கடைசியில் கேபிள்தான் ஜெயித்தது. ஒரு நிபந்தனை: கேபிளை இழுக்கும் குமிழ் வலது பக்கம், அவன் இருக்கைக்கு நேரே. "இழுக்கற கையாவது என்னுதா இருக்கட்டும்."

அவன் போனபின் அந்தக் குமிழை வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேபிளைக் கழற்றி, காந்தம் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. வாயில் அட்டை ஒட்டி ஓட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஓடாவிட்டால் கொடுத்துவிட வேண்டும். பார்க்காதவரை அது என்னுடையது. ஆனால் எத்தனை நாள்? கல்லூரிக்காரர்கள் மறுபடி கேட்டபோது, பூஜை முடிந்து லாரி அனுப்புங்கள் என்று வாய்தவறினாற்போலச் சொல்லிவிட்டேன்.

பூஜையன்று லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, பட்டறைக்காரரின் மனைவி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க ஃப்ளைட்டுக்கும் வெக்கவா?"

"வைங்க அக்கா."

"வெச்சா நாளைக்குக் காலைல வரைக்கும் கை வெக்கக்கூடாது, ஆமா."

கை வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனேன். விசிறிக்கு மாலை, மூக்கில் குங்குமம். கல்யாணமாகி வழியனுப்ப நிற்பதுபோல் இருந்தது.

விஜயதசமி காலை. தெரு காலி. வாலை இரும்புத் தூணில் கட்டினேன், சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன், மாலையைக் கழற்றினேன். குனிந்து வாய்க்குள் பார்க்கவில்லை. லாரி வருவதற்குள் ஒருமுறை அதன் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில்.

இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், என்ஜின் பிடித்தது. தகரம் அதிர்ந்தது. வேகத்தைக் கூட்டினேன். திடீரென்று ஒரு இருமல். என்ஜின் வேகம் காட்டும் முள் சரிந்தது. என் கை தானாக வலப்பக்கம் போய், குமிழ் இருந்த வெற்றுத் துளையைத் தடவியது. அப்போது உள்ளே 'டக்'. முள் நின்றது, தயங்கியது, ஏறியது. பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சூடான காற்றில், என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஃபில்டரின் மேல், அளந்து வெட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வாழையிலைத் துண்டு. ஓரமெல்லாம் பொரி.

அக்கா ஓடி வந்தார். "இன்னா சார், நின்னுபோச்சா?"

"வாயில என்னக்கா வெச்சீங்க?"

"ஆன்னு தொறந்துகினு கீது, பாவமா இருந்துச்சி. ரெண்டு பொரி வெச்சேன். தப்பா?"

நண்பனை அழைத்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தட்டுகளின் சத்தம் கேட்டது.

"வாய மூடி ஓடிச்சுடா. காந்தத்துல."

வாயில் இருந்ததை விழுங்கினான். பிறகு சிரித்தான். "நான் சொன்னப்ப கேட்டியாடா நீ? அப்ப என் குமிழு?"

"கழட்டிட்டேன்."

"கழட்டிட்டியா..." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வெக்கறேன் மச்சான், அப்புறம் பேசறேன்."

கல்லூரிக்கு அழைத்து லாரி வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். ஓடுகிறது என்றேன். பிறகு அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் மூடி தேடினேன். அளவான மூடி கிடைக்கவில்லை. துளை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என்ஜினை ஓட்டும்போதெல்லாம் அதன் வழியாக என் பக்கம் மெல்லிய சூடான காற்று வருகிறது.