பதிவு

2012இல் மெல்பர்னில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. எந்தத் தமிழர் வந்தாலும் பேசிச் சமாளித்துவிடுவேன் என்று மதுரைக்காரியான எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒரு நாள் காலை, முப்பது வயதிருக்கும் ஒருவர் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். படகில் வந்த இலங்கைத் தமிழர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் கத்தி பட்டு நான்கு நாளாகிவிட்டதாம். விரல்களெல்லாம் வீங்கிப் பழுத்திருந்தன.

"முதல்ல பதிவு பண்ணிடலாம் தம்பி" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம் அக்கா, நான் போயிட்டு வாறன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

அந்தக் கையோடு போனால் கை மிஞ்சாது. பின்னாலேயே ஓடி, கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் ஊரில் பதிவு என்றால் பொலிஸில் பெயர் கொடுப்பது. கொழும்பில் அப்படிப் பதிந்துவிட்டு வந்த அவருடைய அண்ணனை மறுவாரமே வீடு தேடி வந்து பிடித்துக்கொண்டுபோனார்களாம்.

"விசாவும் முடிஞ்சுது அக்கா. நீங்கள் எழுதினா இமிக்ரேஷனுக்குப் போகும்தானே?"

"போகாது. ஆஸ்பத்திரி மாநிலத்தோடது, விசா கான்பராவுல இருக்கிற மத்திய அரசோடது. நாங்க விசாவைக் கேக்கவும் மாட்டோம், யாருக்கும் சொல்லவும் மாட்டோம்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவரை உள்ளே அழைத்து வந்ததும் முதல் வேலையாக நான் சொன்னது சரிதானா என்று மேலாளரம்மாவிடம் கேட்டேன். "நம் வேலை வைத்தியம், காவல் இல்லை" என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது. அன்றே அறுவை செய்து விரல்களைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. குடிவரவுத் துறையிலிருந்து பேசுவதாக ஒருவர் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, இங்கே வந்தாரா, என்ன முகவரி கொடுத்தார் என்று கேட்டார்.

"நோயாளிகளைப் பற்றித் தொலைபேசியில் சொல்வதில்லை. சட்டப்படி எழுத்தில் கேளுங்கள்" என்றேன். அவர் குரலை உயர்த்தினார். நான் அதே வாக்கியத்தை இன்னும் நிதானமாகச் சொன்னேன். நான் பேசிய ஆங்கிலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எழுத்தில் எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் கட்டு மாற்ற அந்தத் தம்பி வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும், நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்:

"அக்கா, பதிவுக்கு வந்தனான்."