ஜெபா எழுதாத குறிப்பு

தேனி அல்லிநகரத்தில் ஜெபாவைப் பெயின்ட் கடை அக்காவாகத்தான் பலருக்கும் தெரியும். மெயின் ரோட்டில் அப்பா தொடங்கிய கடை. அவளும் தம்பி பொன்னுராஜும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆனால் சனி, ஞாயிறுகளில் கல்லாவில் பொன்னுராஜ் மட்டும்தான் இருப்பான். ஜெபா ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில், வாலிபால் கோர்ட்டின் பின்கோட்டுக்கு நேராக, மடியில் அட்டையும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள்.

படிக்கிற காலத்தில் அவளும் ஆடியவள்தான். முழங்கால் போன பிறகு ஆட்டத்தை எழுதத் தொடங்கினாள். எதிரணி சர்வீஸ் போடும் பந்தை ஒரு பெண் எப்படி வாங்கித் தருகிறாள் என்பதுதான் அவள் குறிப்பது. பந்து சகஆட்டக்காரியின் கைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தால் மூன்று. அவள் நாலு எட்டு ஓடித்தான் எடுக்க முடியுமென்றால் இரண்டு. எப்படியோ உயிரோடு இருந்தால் ஒன்று. கீழே விழுந்தால் பூஜ்யம். இந்தத் தாள்களைப் பார்த்துத்தான், புதிதாகத் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக் அவளைத் தென்மாவட்டங்களுக்கான மதிப்பீட்டாளராக வைத்துக்கொண்டது. எந்தக் கல்லூரிப் பெண் ஏலத்தில் எடுக்கத் தகுந்தவள் என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

கடமலைக்குண்டு முனீஸ்வரியை அவள் முதலில் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் உயரம். அணியில் மற்றவர்களைவிட வேறு நிறச் சட்டை போட்டு ஆடும் லிபரோ. பந்தை வாங்குவதும் விழாமல் காப்பதும்தான் லிபரோவின் வேலை. வலைக்கு மேலே எம்பி அடிக்கவும் தடுக்கவும் விதியே அவளை விடுவதில்லை. பதினொரு ஆட்டங்களில் முனீஸ்வரி வாங்கிய இருநூற்று எண்பத்தாறு சர்வீஸையும் ஜெபா ஒன்றுவிடாமல் குறித்தாள். சராசரி இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. அப்படி ஒரு எண்ணை அவள் பென்சில் அதுவரை எழுதியதில்லை. ஆறு பக்க அறிக்கை. முதல் சுற்றிலேயே எடுக்கலாம் என்று முடித்திருந்தாள்.

ஏலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முனீஸ்வரி கடைக்கு வந்து நின்றாள். கையில் போன்.

"அக்கா, நீங்களா இப்படி எழுதுனீக?"

எல்லா அணிகளுக்கும் போன வீராங்கனைகள் பட்டியல் அது. முனீஸ்வரியின் பெயருக்கு நேராக 'சி', கடைசித் தரம். கீழே ஒரு வரி: உயரக் குறைபாடு, பந்து வாங்குவது நிலையற்றது. அதற்கும் கீழே, மதிப்பீடு: ஜெபா, தேனி.

ஜெபா அதை இரண்டு தடவை படித்தாள். காதுமடல் சுட்டது. "நான் எழுதல ஆத்தா" என்றாள். முனீஸ்வரி நம்பினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

லீக் அலுவலகத்தில் தேர்வுப் பொறுப்பாளர் பிரின்ஸ். அவரைக் கூப்பிட்டாள். அவர் நிதானமாக விளக்கினார்.

"நூத்தி அறுபதுக்குக் கீழ போனா சாஃப்ட்வேரே 'சி' போட்டுடும் மேடம். குறிப்பும் தானா வந்துடும். நாங்க யாரும் கை வைக்கிறது இல்ல."

"தானா வந்த குறிப்புக்குக் கீழ எம் பேரு எதுக்கு சார்?"

"ஃபார்மட் அப்படி."

"அந்தப் பிள்ள எங்கிட்டயே வந்து கேக்குது. மாத்துங்க."

"லிஸ்ட் லாக் ஆயிடுச்சு மேடம். நாளன்னைக்கு மதுரையில செலக்‌ஷன் கேம்ப். அங்க நல்லா பண்ணட்டும், பாத்துக்கலாம்."

மதுரைக்கு ஜெபாவே முனீஸ்வரியைக் கூட்டிப்போனாள். உள்விளையாட்டரங்கச் சுவரில் அளவு போட்ட பலகை மாட்டியிருந்தார்கள். விரலில் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு, ஓடிவந்து எம்பி, எட்டும் உயரத்தைத் தொட வேண்டும். வரிசையில் எல்லோரும் நின்றார்கள். முனீஸ்வரியும் நின்றாள். மூன்று முறை எம்பினாள். மூன்று முறையும், குறிப்பவன் எண்ணைச் சத்தமாகச் சொன்னான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஜெபா பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து நேராகப் பிரின்ஸிடம் போனாள்.

"சார், இவ லிபரோ. இவ எம்பி அடிச்சா நடுவர் விசில் ஊதி பாயின்ட்ட எதிரணிக்குக் குடுத்துருவாக. ஆடவே கூடாதுன்னு வச்சிருக்கிற ஒண்ண எதுக்கு அளக்குறீக?"

"எல்லாருக்கும் ஒரே டெஸ்ட். அதான் நியாயம்."

"பந்து வாங்குற டெஸ்ட் எங்க?"

"அதுக்கு டைம் இல்ல மேடம். அதான் உங்க ரிப்போர்ட் இருக்கே."

"எந்த ரிப்போர்ட்டு? நான் எழுதுனதா, உங்க மிஷின் எழுதுனதா? போடிச் சந்தை ஏலக்காயா சார் இது, சல்லடையில நின்னா நயம், விழுந்தா மட்டம்னு ஒதுக்க?"

பிரின்ஸ் புன்னகை மாறாமல் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கோர்ட் ஓரத்தில் லீக் அணி ஒன்றின் பயிற்சியாளர் மகிமா நின்றிருந்தார். ஒருகாலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். ஜெபா அவரிடம் போய், சாப்பாட்டு நேரத்தில் இருபதே சர்வீஸ் பாருங்கள் என்று கேட்டாள்.

மகிமா சம்மதித்தார். அந்த முகாமிலேயே பலமாக சர்வீஸ் போடும் இரண்டு பெண்களை நிறுத்தினார்கள். முதல் பந்து முனீஸ்வரியின் தோளுக்கு நேராக வந்தது. அவள் அரை அடி விலகிக் கையை நீட்டினாள். பந்து அலட்டாமல் வலையோரம் போய் இறங்கியது. இருபதில் பதினாறுக்கு மூன்று. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. மகிமா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே நின்றார்.

"இந்தப் பொண்ணுகிட்ட குறைன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா எங்க ஓனர் லிபரோவ முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு. நூத்தி எழுபத்தி ரெண்டு உயரம். போஸ்டருக்கு நல்லா இருக்குமாம்."

ஏலத்தன்று ஜெபாவும் முனீஸ்வரியும் அரங்கின் பின்வரிசையில் இருந்தார்கள். 'சி' தரத்துப் பெயர்கள் கடைசியில்தான் வந்தன. திரையில் முனீஸ்வரியின் படம், பக்கத்தில் அதே வரி. ஏலம் விடுபவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. மேசைகளில் பாதிப்பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்காமலே சுத்தியல் விழுந்தது. ஒரு மூச்சு விட்டு இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடமலைக்குண்டிலிருந்து அவள் அப்பா தங்கப்பாண்டி போன் செய்தார். ஊரில் நெட் விட்டுவிட்டு வருகிறதாம்.

"நம்ம பேரு இன்னும் வரலயாத்தா? வெச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு இருக்கோம்."

முனீஸ்வரி போனை ஜெபாவிடம் நீட்டினாள். "வந்துட்டுப் போயிருச்சுண்ணே" என்று ஜெபாதான் சொன்னாள்.

அடுத்த வாரம் பிரின்ஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய புகார் பரிசீலிக்கப்பட்டுத் தீர்க்கப்பட்டதாம். திருத்திய பக்கத்தையும் இணைத்திருந்தார். ஜெபா திறந்து பார்த்தாள். அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். வரி அப்படியே இருந்தது.

அவள் கத்தவில்லை. பெயின்ட் கலக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பதில் எழுத ஆதாரம் தேடிப் பழைய அறிக்கைகளை எல்லாம் கணினியில் திறந்தாள். இரண்டு வருடத்து அறிக்கைகள். தேடிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். 'உயரம் போதாது.' சாஃப்ட்வேர் வருவதற்கு முந்திய வருடம். அவள் கையாலேயே தட்டியது. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினாள். எண்ணிப் பார்த்தாள். ஐந்து பெண்கள். அதில் இரண்டு பேர் லிபரோ.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் பொன்னுராஜ்.

"அந்த மிஷினுக்கு இத சொல்லிக் குடுத்ததே நாந்தான்டா."

அன்று மாலையே வேலையை விட்டாள். ராஜினாமாக் கடிதத்தில், தான் கேட்பது என்ன என்பதை ஒரே பத்தியில் எழுதினாள்: லிபரோக்களை எம்பச் சொல்வதை நிறுத்துங்கள், பந்து வாங்கச் சொல்லிப் பாருங்கள், முனீஸ்வரி பற்றிய பொய்யை எடுங்கள். ஐந்து பெண்களின் எண்களையும் தேடிப்பிடித்துப் பேசினாள். இருவர் திருமணமாகிப் போயிருந்தார்கள். ஒருத்தி, "அதுக்கா இப்ப போன் பண்ணுறீக?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஜெபா அதற்கு வருத்தப்படவில்லை. அவள் கோபம் நியாயம்தான் என்று நினைத்தாள்.

மகிமா சொல்லி, கேரளத்தில் ஒரு கிளப் பயிற்சியாளருக்கு முனீஸ்வரியின் பதினொரு ஆட்டத் தாள்களையும் ஸ்கேன் செய்து அனுப்பினாள். அவர் உயரத்தைக் கேட்கவில்லை. இடதுபக்கம் வரும் பந்தை எப்படி வாங்குவாள் என்று கேட்டார். குமுளி வழியாக முனீஸ்வரி பஸ் ஏறினாள். சம்பளம் லீக்கில் கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கினார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஜெபா போயிருந்தாள். மடியில் அட்டை. நாலாவது செட்டில் ஒரு பந்து முனீஸ்வரியின் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. பூஜ்யம் போட்டாள். ஆட்டம் முடிந்து தாளை வாங்கிப் பார்த்த முனீஸ்வரி அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுக்கு ஒண்ணு போட்ருக்கலாம்லக்கா. செத்த நேரம் மேலதான நின்னுச்சு."

"விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"அப்ப பூஜ்யந்தான்."

லீக்கின் பட்டியலில் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. மாதம் பிறந்தால் ஜெபா முதல் தேதியன்று கடிதம் எழுதுகிறாள். ஒன்பது போய்விட்டன. எதற்கும் பதில் வரவில்லை. பத்தாவதை இந்தத் தடவை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள், யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும் என்று.