கேனுக்குள் கொஞ்சம் கடல்

விளாங்குடி வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வீடு கழுவ வரும் பெண் ஒவ்வொரு முறையும் கொட்டிவிடட்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். மதுரையில் கடல் தண்ணீரைக் காவல் காக்கும் ஒரே கிறுக்கி நானாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். மாணவிகளைக் கடலோரத்துக்கு அழைத்துப்போன இடத்தில்தான் மீனவக் குடும்பத்து அக்கா ஒருவர் பழக்கமானார். விசைப்படகுகள் வந்த பிறகு அவர் வீட்டுக்காரரின் வலையில் மீன் குறைந்துபோனது. அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இடுப்பளவுக் கடலில் கம்பு நட்டு, சட்டம் கட்டி, சிப்பி வளர்த்தார்கள். சிப்பி வளர்ந்துவிட்டது, வாங்கித் தின்னத்தான் ஆளில்லை. வாரம் ஒரு மூட்டை விலைபோனால் தொழில் நிலைக்கும், இல்லாவிட்டால் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்றார். காளவாசலில் ஓட்டல் வைத்திருந்த ஒரு மாணவியின் அப்பாவிடம் பேசி, ருசி பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா ஈரச் சாக்கு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓட்டல்காரர் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். மறுநாள் மத்தியானம் வரச் சொன்னார். "சாக்கு ஈரமா நெழல்ல கிடந்தாப் போதும் டீச்சர். வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று மூட்டையை என் வீட்டில் வைத்துவிட்டு, அக்கா சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்.

சித்திரை வெயில். தண்ணீரில் பிறந்த உயிர் தண்ணீரில்லாமல் தவிக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தொட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து அத்தனையையும் அதில் கொட்டினேன். கரும்பலகையில் சிப்பியின் படம் போட்டு, பாகம் குறித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் வாய் திறந்திருந்தன. தாகம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அக்கா நினைப்பாரே என்று, அவர் வருவதற்குள் மறுபடி சாக்கில் போட்டுக் கட்டிவைத்தேன்.

ஓட்டலில் மசாலா தயாராக இருந்தது. சாப்பிட வந்தவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அக்கா மூட்டையை அவிழ்த்து, திறந்திருந்த ஒரு சிப்பியை விரலால் தட்டினார். உயிர் இருந்தால் மூடிக்கொள்ளும். மூடவில்லை. இன்னும் நாலைந்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஈரச் சாக்கைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். கடல் உப்பு கரித்திருக்காது, கிணற்றுத் தண்ணீர்தானே. என்னை ஒருமுறை பார்த்தார்.

"செத்துருச்சு அண்ணே. இத ஆக்கக் கூடாது. எங்க பக்கத்துத் தப்புதான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாணவியின் அப்பா முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம், அவ்வளவுதான் காரணம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதம் கழித்து அக்கா இந்தக் கேனோடு வந்தார். "அந்த அண்ணன்கிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க டீச்சர். மூட்டைய உங்க வீட்லதான வைக்கணும். தண்ணி ஊத்தணும்னு மனசு சொல்லுச்சுன்னா, இத ஊத்துங்க" என்றார். குரலில் குத்தல் துளிகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே காளவாசலுக்குப் போய் ஓட்டல்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல டீச்சர்? அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. இனி இலையில வச்சா எவன் தொடுவான்?" என்றார்.

சட்டங்களைப் பிடுங்கிவிட்டதாக மழைக்காலத்துக்கு முன் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. என்னைக் குறை சொல்லி அதில் ஒரு வரி இல்லை. கேனின் மூடியை நான் இன்னும் திறக்கவில்லை. இந்தத் தண்ணீரை ஊற்ற, அதற்குப் பிறகு ஒரு சிப்பியும் என் வீட்டுக்கு வரவில்லை.