ஆறு வருஷமாகத் தன் பெயரைச் சொல்லாதவர்

ஜப்பானில் எங்கள் சகாட்டா ஊரில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம், சமூகக் கூடத்தின் மாடியில் பதினோரு பேர் ஹைக்கூ எழுதக் கூடுவோம். அந்தப் பதினோரு பேரில் என் உயிரை எடுப்பதற்கென்றே வந்து சேர்ந்த பெண்மணி இகராஷி மிட்சுயோ. வயது ஐம்பத்தேழு. தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறார். நான் டொகாஷி, சலவைக்கடை வைத்திருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு நான் இஸ்திரி மேசைக்கு நீராவி ஏற்றிக்கொண்டிருப்பேன். தொலைபேசி அடிக்கும்.

"டொகாஷி சான், போன மாசம் என் கவிதையை யாரும் எடுக்கலியே, அதுல எந்த இடம் தப்பு?"

"மூணு வரியும்தான்."

"முதல் வரியிலேர்ந்து சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

மருந்துக்கடை சுகவாரா நிலாவைப் பற்றி எழுதச் சொன்னாரென்றால், அடுத்த மாதம் மூன்று கவிதையிலும் நிலா. "நிலா ரொம்பத்தான் காயுது" என்று தபால் நிலையத்து ஹோம்மா அம்மா முகம் சுளித்தால், அதற்கடுத்த மாதம் மூன்றிலும் மழை. கடைசியாக யார் வாய் திறந்தார்களோ அவர்களைப் போலவே எழுதுவார். ஒருமுறை என்னைப் போலவும் எழுதினார். என் கவிதைகள் அவ்வளவு மோசமா என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

எங்கள் கூட்டத்தின் முறை இதுதான். ஆளுக்கு மூன்று கவிதை, சீட்டுக்கு ஒன்றாக, பெயர் போடாமல் கொடுத்துவிட வேண்டும். சீட்டுகளைக் கலைத்துப் பங்கிடுவார்கள். கைக்கு வந்தவற்றை ஒவ்வொருவரும் பெரிய தாளில் தம் கையெழுத்தில் பெயர்த்து எழுத வேண்டும். தாள்கள் சுற்றி வரும்போது, இது யாருடையது என்று தெரியாமலேயே பிடித்ததில் ஐந்தை எடுப்போம். பிறகு ஒவ்வொருவரும் எடுத்ததை வாசிப்பார்கள். தன் கவிதை வாசிக்கப்பட்டதும், எழுதியவர் உரக்கத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். தாட்சண்யத்துக்காக எடுப்பது எங்களுக்குள் திருட்டுக்குச் சமம்.

ஆறு வருஷத்தில் மிட்சுயோ தன் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"பரிசெல்லாம் வேணாம் டொகாஷி சான். ஒரே ஒரு தடவை சத்தமா எம்பேரைச் சொல்லிடணும். அவ்வளவுதான்."

கேட்டதும் மனசு இளகத்தான் செய்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்ததும் இளகியது மறுபடி இறுகிவிட்டது.

ஜூலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நிலாவுக்குப் பதிலாக நாரை வைக்கலாமா என்று கேட்டார்.

"நீங்க என்னிக்கு நாரையைப் பாத்தீங்க? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கொப்பரைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கிடக்கறீங்க. அங்கேயே கிடங்க" என்று போனை வைத்துவிட்டேன். அறிவுரையாகச் சொன்னதல்ல அது. எரிச்சலில் கத்தியது.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு மிட்சுயோ வழக்கம்போல அவித்த பச்சைச் சோயாவோடு வந்தார். எனக்கு மூன்று சீட்டுகள் வந்தன. இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் கையெழுத்தைக் கண்டுகொண்டேன். பருப்பும் அரிசியும் கணக்கெழுதிப் பழகிய கட்டை எழுத்து. அதில் இப்படி இருந்தது:

கோடை விடுமுறை
முந்நூறு பேருக்கான கொப்பரையில்
என் குரல் மட்டும்

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகள் வராத பள்ளியில், கொப்பரைக்குள் குனிந்து தேய்த்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒரு பெண். நாரையும் இல்லை, நிலாவும் இல்லை. என்னைப் போல, சுகவாராவைப் போல, யாரைப் போலவும் இல்லை. தாளில் பெயர்த்து எழுதினேன்.

ஐந்தை எடுக்கும் நேரம் வந்தது. யார் எழுதியது என்று தெரிந்துவிட்டதே, இனி எடுத்தால் அது தாட்சண்யம், முறை முறைதான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது பொறாமை. அன்று நான் கொடுத்த மூன்றும் அந்த ஒன்றின் கால்தூசிக்குப் பெறாது.

சுகவாரா தான் எடுத்ததை வாசித்தார். "கோடை விடுமுறை..." என்று தொடங்கி முடித்தாயிற்று. எழுதியவர் பெயர் வரவில்லை. மிட்சுயோ சோயாத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. ஹோம்மா அம்மா எடுத்ததிலும் அதே கவிதை, அதே மௌனம்.

"எழுதுனவரு தூங்கறாரா, இல்ல வீட்டுக்கே போயிட்டாரா?" என்றார் சுகவாரா.

மூன்றாவது ஆளும் அதையே வாசித்தார். மிட்சுயோ விருட்டென்று எழுந்து நின்று, "பள்ளிச் சமையலறை, இகராஷி பேசறேன்" என்றார்.

கூடமே சிரித்தது. சுகவாரா மேசையைத் தட்டிச் சிரித்தார். மிட்சுயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் அதை வாசித்தார்கள். இரண்டு முறையும் "மிட்சுயோ" என்று சரியாகவே சொன்னார், அதுவும் படிக்கட்டு வரை கேட்கும்படி.

கூட்டம் கலைந்து, கீழே செருப்பு அடுக்கின் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாளை எழுதினது நீங்கதானே? சலவைச் சீட்டுல இருக்கற மாதிரியே சாஞ்ச எழுத்து."

"ஆமா."

"அப்ப எல்லாருக்கும் முன்னாடி அதைப் படிச்சவங்க நீங்கதான்."

"ஆமா."

பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். முகத்தில் கேலி துளியும் இல்லை. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அஞ்சு பேரு எடுத்தாங்க, நீங்க எடுக்கல. எந்த இடம் தப்புன்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

கண்ணெதிரே இருந்த செருப்பைக் குனிந்து தேடினேன். அவர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார்.